வீட்டில் ஓட்ஸ் குக்கீ சுடுவது: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறது. என் மாமியார் வீடு ஏற்காட்டில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ள சமையலறையிலும், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள சமையலறையிலும் ஒரே குக்கீயைப் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிச் சுட்டு வருகிறேன். என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகளுக்கான விடை, வெண்ணெய் எந்தச் சூட்டில் இருக்கிறது, மாவில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்ற இரண்டில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் அனுபவம்.

அடிப்படை அளவும் செய்முறையும் என்ன?

ஏறத்தாழ 24 குக்கீகளுக்கு உப்பில்லாத வெண்ணெய் 110 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், வெள்ளைச் சர்க்கரை 40 கிராம், முட்டை 1, வெண்ணிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், மைதா 95 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், தூள் உப்பு கால் டீஸ்பூன், பட்டைத் தூள் அரை டீஸ்பூன், ரோல்டு ஓட்ஸ் 140 கிராம், உலர்திராட்சை 75 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெண்ணெயையும் இரண்டு சர்க்கரைகளையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, நிறம் சற்று வெளுத்துப் பஞ்சுபோல ஆகும் வரை 3 அல்லது 4 நிமிடம் அடிக்க வேண்டும். பிறகு முட்டையையும் எசென்ஸையும் சேர்த்து, கலவை ஒன்றாகச் சேரும் வரை மட்டும் அடித்தால் போதும். மைதா, சோடா, உப்பு, பட்டைத் தூள் ஆகியவற்றை ஒன்றாகச் சலித்துச் சேர்த்து, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத நிலையில் கலப்பதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் பிசைந்தால் மைதாவின் பசைத்தன்மை கூடி, குக்கீ ரொட்டியைப் போல இழுபடும். கடைசியாக ஓட்ஸையும், வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடித்து, துணியால் ஒற்றி எடுத்த திராட்சையையும் சேர்க்க வேண்டும். ஊறவைக்காத திராட்சை, மாவில் உள்ள ஈரத்தைத் தான் உறிஞ்சிக்கொண்டு குக்கீயை வறட்டிவிடும்.

கலந்த மாவை மூடி அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பிறகு, எலுமிச்சை அளவு உருண்டைகளாக, ஒவ்வொன்றும் 25 கிராம் இருக்கும்படி உருட்டி, பட்டர் பேப்பர் விரித்த டிரேயில் மூன்று விரல் இடைவெளி விட்டு வைத்து, லேசாகத் தட்டிவிட வேண்டும். 175 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கிய ஓவனின் நடுத் தட்டில், மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி வைத்து, 10 முதல் 12 நிமிடம் சுட வேண்டும்.

எடை போடாமல் டம்ளர் அளவில் எடுக்கலாமா?

வேண்டாம். அழுத்தி நிரப்பிய ஒரு டம்ளர் மைதாவுக்கும், தளர்வாக அள்ளிய ஒரு டம்ளர் மைதாவுக்கும் உள்ள வேறுபாடே ஒரு முறை குக்கீயைக் கல்லாக்கவும் மறுமுறை தோசையாக்கவும் போதுமானது. சமையலறைக்கென்று விற்கும் சிறிய மின்னணுத் தராசு ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது.

எந்த ஓட்ஸை வாங்க வேண்டும்?

பொட்டலத்தில் ரோல்டு ஓட்ஸ் என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். உமி நீக்கிய முழு மணியை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கிடையே நசுக்கி எடுப்பதால், நம் கெட்டி அவலைப் போலவே அது தட்டையாகவும் முழுதாகவும் இருக்கும். குக்கீயைக் கடிக்கும்போது பல்லில் தட்டுப்படும் அந்த மெல்லும் தன்மை இதிலிருந்துதான் வருகிறது. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் இன்னும் மெல்லியதாக நசுக்கப்பட்டு நொறுங்கியிருப்பதால், மாவிலேயே கரைந்து கூழாகிவிடும். வீட்டில் அது மட்டுமே இருந்தால் 15 கிராம் குறைத்துப் போட்டு, குக்கீ மிருதுவாகத்தான் வரும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஸ்டீல் கட் ஓட்ஸ் என்பது மணியை வெட்டிய ரவை போன்றது. 12 நிமிடத்தில் அது வேகாது. மசாலா ஓட்ஸை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

வாங்கிய ஓட்ஸை அப்படியே போடாமல், அடிகனமான வாணலியில் சிறு தீயில் 5 நிமிடம் வெறுமனே வறுத்து, ஆறவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். அவல் வறுபடும்போது எழும் வாசனையை ஒத்த ஒரு மணம் வரும். அந்த மணம் குக்கீயில் கடைசி வரை நிற்கும். சூடு ஆறாமல் போட்டால் வெண்ணெய் உருகிவிடும் என்பதால் பொறுமை தேவை.

குக்கீ லேசாகக் கசக்கிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். சோடா கூடுதலாக விழுந்திருந்தால், நாக்கில் சோப்புச் சுவையைப் போன்ற கசப்பும், குக்கீயில் அளவுக்கு மீறிய கறுத்த நிறமும் தெரியும். அப்படியில்லாமல், விழுங்கிய பின் தொண்டையில் கசப்பு நின்றால், ஓட்ஸ் சிக்கடித்துப் போயிருக்கிறது என்று பொருள்.

அரிசியையும் கோதுமையையும் விட ஓட்ஸில் கொழுப்பு அதிகம். 100 கிராமில் ஏறத்தாழ 7 கிராம் வரை இருக்கிறது. ஆலையில் ஆவி காட்டுவதன் ஒரு நோக்கமே, அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்வதுதான். இருந்தாலும், சேலத்துக் கோடையில் வெயில் படும் அடுக்கில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் எண்ணெய் கெடத்தான் செய்யும். ஒரு முறை, கடை ஒன்றில் தள்ளுபடி விலைக்குக் கிடைத்த 1 கிலோ பொட்டலத்தை முகர்ந்து பார்க்காமல் பயன்படுத்தி, உறவினர் வீட்டு வளைகாப்புக்காகச் சுட்ட 60 குக்கீகளையும் கொட்ட நேர்ந்தது. வெண்ணெய், திராட்சை, அரை நாள் உழைப்பு எல்லாம் அதோடு போயின. அன்றிலிருந்து, பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு பிடி ஓட்ஸை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்த பிறகே தராசில் வைக்கிறேன். பழைய எண்ணெய்ச் சட்டியின் வாடை வந்தால் வறுத்தாலும் போகாது. பிரித்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் பிரவுன் சுகருக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை போடலாமா?

தாராளமாகப் போடலாம், போட வேண்டும் என்றே சொல்வேன். கடையில் விற்கும் பிரவுன் சுகர் பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையோடு கரும்புப் பாகின் கழிவுச்சாற்றை மீண்டும் கலந்து செய்யப்படுவது. நாட்டுச் சர்க்கரையில் அந்தச் சாறு பிரிக்கப்படாமலே இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்குச் செல்லும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை நமக்குப் பக்கத்து மாவட்டச் சரக்கு. சேலத்தில் செவ்வாய்பேட்டைப் பக்கம் எளிதாகக் கிடைக்கும். அதிலுள்ள ஈரமும் சாறும் குக்கீயின் நடுப்பகுதியை மிருதுவாக வைத்திருக்கின்றன; அதன் இலேசான புளிப்புத்தன்மை சோடாவைக் கிளப்பிவிடுகிறது. வெள்ளைச் சர்க்கரை ஓரத்தை மொறுமொறுப்பாக்குகிறது. இரண்டையும் கலந்து போடச் சொல்வது இதனால்தான்.

நாட்டுச் சர்க்கரையைக் கட்டாயம் சலித்துக்கொள்ள வேண்டும். சுடும்போது சிறு கட்டிகள் உருகி, குக்கீயில் ஓட்டை விழும். ஓமலூர் வட்டார அச்சு வெல்லம்தான் கையில் இருக்கிறது என்றால், நன்றாகச் சீவி, அதே எடைக்குச் சேர்க்கலாம். பாகு காய்ச்சி ஊற்றினால் நீர் கூடிவிடும். வெல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பளிச்சென்ற மஞ்சளை விட மங்கிய பழுப்பு நிறமே மேல்.

கடை வெண்ணெய், வீட்டு வெண்ணெய், நெய் ஆகியவற்றுள் எது சரி?

பொட்டல வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு கொழுப்பு, மீதி பெரும்பாலும் நீர். இந்த அளவை மனத்தில் வைத்துத்தான் மேலே உள்ள கணக்கு அமைந்திருக்கிறது. ரொட்டியில் தடவும் உப்பு வெண்ணெய் என்றால், தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம். வீட்டில் கடைந்து எடுத்த வெண்ணெயில் மோர் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது கடைந்தவரின் கைக்கு ஏற்ப மாறும். ஐஸ் தண்ணீரில் மூன்று முறை அலசி, மத்தின் பின்புறத்தால் அழுத்தி நீரை வடித்த பிறகு எடை போட வேண்டும். நெய் முழுக்கக் கொழுப்பு என்பதால் 90 கிராம் போதும்; கூடவே 1 மேசைக்கரண்டி பால் சேர்க்க வேண்டும். நெய்யில் செய்தது நான்கட்டாய் போலப் பொடிந்து கரையும். அதுவும் சுவைதான், ஆனால் ஓட்ஸ் குக்கீக்குரிய மெல்லும் தன்மை அதில் வராது.

மே மாதத்தில் சேலத்தில் மாவு இளகி ஓடுகிறது. என்ன செய்வது?

சர்க்கரையோடு அடிப்பதற்கு வெண்ணெய் 18 முதல் 20 டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டும். வெளியே 38, 39 டிகிரி கொளுத்தும் நாளில், சமையலறை மேடையில் வைத்த வெண்ணெய் கால் மணி நேரத்துக்குள் அந்த நிலையைக் கடந்துவிடும். வெண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் சிறு துண்டுகளாக நறுக்கி, விரலால் அழுத்திப் பாருங்கள்: குழி விழ வேண்டும், தொட்டால் குளிர வேண்டும், விரலில் எண்ணெய் மினுமினுப்பு ஒட்டக் கூடாது. அந்த நிலை வந்ததும் உடனே அடிக்கத் தொடங்குங்கள். வெயில் காலத்தில் நான் அதிகாலை ஐந்தரை மணிக்குச் சுட உட்காருவேன். பாத்திரத்தையும் கரண்டியையும் முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். உருட்டிய உருண்டைகளை டிரேயோடு மீண்டும் 20 நிமிடம் குளிரவைத்து, குளிர்ந்த நிலையிலேயே ஓவனுக்குள் தள்ள வேண்டும். முதல் ஈடு எடுத்த சூடான டிரேயில் அடுத்த ஈட்டை வைக்காதீர்கள்; ஓவனுக்குள் போகும் முன்பே அடிப்பகுதி உருகத் தொடங்கிவிடும்.

சேலத்தில் சரியாக வந்த அதே அளவு, ஏற்காட்டில் ஏன் தட்டையாகப் பரவிவிடுகிறது?

இதே கேள்வியோடுதான் நானும் தொடங்கினேன். திருமணமான முதல் ஆண்டில், சேலத்தில் எல்லாரும் பாராட்டிய குக்கீயை ஏற்காட்டில் சுட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு கிராமும் மாற்றாமல் கலந்து ஓவனுக்குள் வைத்தேன். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது நிமிடத்தில் உருண்டைகள் நன்றாக உப்பின. எட்டாவது நிமிடத்தில் நடுவே அமுங்கின. பத்தாவது நிமிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, டிரே முழுவதும் ஒரே தகடாகிவிட்டது. மாமியார் அதைக் கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டி, “கண்ணு, கடலை மிட்டாய் மாதிரிதான் இருக்குது, சாப்பிடுங்க” என்று எல்லாருக்கும் கொடுத்தார்.

காரணம் காற்றழுத்தம். ஏற்காட்டின் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்குதான் இருக்கும். வெளியிலிருந்து அழுத்துவது குறைவதால், சோடா வெளியிடும் வாயு மிக வேகமாக விரிகிறது. மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே குமிழ்கள் உடைந்து குக்கீ அமுங்கிவிடுகிறது. மேலும், அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் மாவில் உள்ள நீர் விரைவாக ஆவியாகி, எஞ்சியதில் சர்க்கரையின் செறிவு கூடுகிறது. சர்க்கரை கூடினால் மாவுச்சத்து இறுகத் தாமதமாகும்; அந்தத் தாமதத்தில்தான் குக்கீ பரவுகிறது.

எனவே ஏற்காட்டுக்கு நான் கடைப்பிடிக்கும் மாற்றங்கள் இவை. சோடாவில் கால் பங்கைக் குறைக்கிறேன். வெள்ளைச் சர்க்கரையை 40 கிராமிலிருந்து 25 கிராமாக்குகிறேன். மைதாவை 1 மேசைக்கரண்டி கூட்டி, போன ஈரத்துக்கு ஈடாகப் பால் 2 டீஸ்பூன் சேர்க்கிறேன். ஓவனை 185 டிகிரிக்கு உயர்த்தி, ஒன்பதாவது நிமிடத்திலிருந்து கவனிக்கத் தொடங்குகிறேன். இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், முதலில் சோடாவையும் சூட்டையும் மட்டும் மாற்றி, நான்கு உருண்டைகளைச் சோதனையாகச் சுட்டுப் பாருங்கள். மலையிலேயே வீட்டுக்கு வீடு ஓவன் வேறுபடும். மார்கழி, தை மாதங்களில் அங்கே வெண்ணெய் கல்லாக உறைந்திருக்கும். உருக்காமல், துருவியில் துருவி 10 நிமிடம் விட்டால் அடிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும்.

வெந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கிறது.

அப்படித்தான் இருக்க வேண்டும். ஓவனில் இருக்கும்போதே கெட்டியாகும் வரை விட்டால், ஆறிய பிறகு பல் உடையும். ஓரம் ஒரு சுண்டு விரல் அகலத்துக்குப் பொன்னிறமாகவும், நடுப்பகுதி வெளிறி ஈரப் பளபளப்பு மட்டும் மறைந்தும் இருக்கும் நேரமே எடுக்க வேண்டிய நேரம். டிரேயிலேயே 5 நிமிடம் விடுங்கள். அந்தச் சூட்டிலேயே மீதி வெந்து, சர்க்கரை இறுகத் தொடங்கும். பிறகு கம்பி வலைத் தட்டுக்கு மாற்றுங்கள். எவர்சில்வர் தட்டில் அடுக்கினால் அடியில் ஆவி தங்கி ஈரமாகிவிடும். நாட்டுச் சர்க்கரையால் மாவே பழுப்பாக இருப்பதால் நிறம் பிடிபடாமல் போகலாம். முதல் சில முறை, ஒரு குக்கீயைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ஓவன் இல்லை. குக்கரில் சுடலாமா?

சுடலாம், ஆனால் கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டுத்தான். நீர் ஊற்றாமல் சூடாக்குவதால், பழைய அலுமினியக் குக்கரோ அடிகனமான பாத்திரமோ இதற்கென்று தனியாக இருப்பது நல்லது. அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடி, நடுத்தர தீயில் 10 நிமிடம் சூடாக்க வேண்டும். பிறகு தீயைக் குறைத்து, நான்கைந்து உருண்டைகள் வைத்த தட்டை உள்ளே இறக்கி 15 முதல் 18 நிமிடம் விட வேண்டும். மேலிருந்து சூடு இறங்காது என்பதால் மேற்பகுதி சிவக்காது. அதற்காகக் காத்திருந்தால் அடி தீய்ந்துவிடும். மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் வசதி இருந்தால் அது ஓவனுக்கு இணையானதே. வெறும் மைக்ரோவேவ் சூட்டில் குக்கீ வராது.

முட்டை சேர்க்காமல் செய்ய முடியுமா?

முடியும். 1 மேசைக்கரண்டி ஆளிவிதைத் தூளை 3 மேசைக்கரண்டி நீரில் 10 நிமிடம் ஊறவைத்தால், முட்டையின் வெள்ளைக்கருவைப் போன்ற வழவழப்பு வரும். ஒரு முட்டைக்கு அது ஈடாகும். ஓட்ஸின் சுவையோடு ஆளிவிதை நன்றாகப் பொருந்துகிறது என்பதால், தயிரை விட இதையே பரிந்துரைப்பேன். மாவைப் பச்சையாகச் சுவைக்கக் குழந்தைகளை விடாதீர்கள்; முட்டை இல்லாவிட்டாலும், பச்சை மைதாவிலும் கிருமி இருக்கக்கூடும்.

மைதாவைத் தவிர்க்கலாமா?

அதே எடைக்குக் கோதுமை மாவு போட்டு, 2 டீஸ்பூன் பால் கூட்டினால் போதும். தவிடு அதிக நீர் குடிக்கும். குளூட்டன் என்னும் கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் கோதுமையை முற்றிலும் விலக்க வேண்டும் என்பதோடு, ஓட்ஸையும் கவனித்து வாங்க வேண்டும். ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லாவிட்டாலும், கோதுமை அரைபடும் அதே ஆலையில் அது கலந்துவிடுவது வழக்கம். குளூட்டன் இல்லை என்று பொட்டலத்தில் குறிப்பிட்டிருந்தாலொழிய அவர்கள் வாங்கக் கூடாது. மருத்துவரின் ஆலோசனையும் வேண்டும்.

நம் ஊர்ப் பொருள்களைச் சேர்த்துச் சுவை கூட்ட முடியுமா?

ஏற்காட்டுத் தோட்டங்களில் விளையும் காபி, மிளகு, ஆரஞ்சு மூன்றுமே இதற்குப் பொருந்தும். காபிக்கு டிகாக்‌ஷன் ஊற்றினால் நீர் கூடிவிடும். சிக்கரி கலக்காத காபித் தூள் 2 டீஸ்பூனை மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து மைதாவோடு சேர்க்கலாம். ஆரஞ்சுத் தோலின் மேல்பகுதியை மட்டும் துருவி, வெள்ளைச் சர்க்கரையோடு விரல் நுனியால் கசக்கிச் சேர்த்தால், அதன் எண்ணெய் சர்க்கரையில் இறங்கி வீடே மணக்கும். பட்டைக்குப் பதிலாகப் பொடித்த மிளகு கால் டீஸ்பூனும் ஏலக்காய் 3-உம் போட்டுப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சேர்க்கைதான். ஓட்ஸில் கால் பங்குக்குப் பதிலாகச் சாமை அவலோ தினை அவலோ வறுத்துச் சேர்க்கலாம். முழுவதையும் மாற்றினால், ஓட்ஸ் ஊறி மாவைப் பிணைப்பதுபோல அவை பிணைக்காததால் குக்கீ உதிர்ந்துவிடும்.

ஓட்ஸ் சேர்ந்திருப்பதால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

இது பலகாரம், மருந்தன்று. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பது உண்மை; நாளொன்றுக்கு 3 கிராம் என்ற அளவை முன்வைத்து, அது இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்ற கூற்றைப் பொட்டலங்களில் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதித்தது. ஆனால் நம் குக்கீ ஒன்றில் உள்ள ஓட்ஸ் ஏறத்தாழ 6 கிராம். அதில் பீட்டா குளுக்கன் கால் கிராம்கூட இராது. 3 கிராம் கிடைக்க வேண்டுமானால் ஒரு டசனுக்கு மேல் சாப்பிட வேண்டும். அதோடு 70 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகும். நாட்டுச் சர்க்கரை என்பதாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. ஓட்ஸின் பயன் வேண்டுமென்றால் கஞ்சியாகக் குடியுங்கள். குக்கீயை, மருத்துவர் அனுமதித்தால், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். சர்க்கரை இங்கே இனிப்புக்கு மட்டுமல்லாமல் ஈரத்துக்கும் பரவலுக்கும் பொறுப்பு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தால் குக்கீ உருண்டையாகவே நின்று வறண்டுபோகும்.

சுடும்போது பாதியில் மின்சாரம் நின்றுவிட்டால்?

கதவைத் திறக்காதீர்கள். ஏழாவது நிமிடத்துக்குப் பிறகு நின்றிருந்தால், உள்ளிருக்கும் சூட்டிலேயே 10 நிமிடத்தில் பெரும்பாலும் வெந்துவிடும். அதற்கு முன் என்றால், மின்சாரம் வந்ததும் தொடர்ந்து சுடலாம். வடிவம் சற்றுக் கெடும், சுவை கெடாது.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

முழுவதும் ஆறிய பிறகு, எவர்சில்வர் டப்பாவில் பட்டர் பேப்பரை இடையிடையே போட்டு அடுக்கினால், சேலத்தில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவதால், மூன்றாம் நாளே நமுத்துவிடும். நாட்டுச் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. நமுத்ததை 150 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். மாறாக, சேலத்து வெயிலில் காய்ந்து கெட்டியான குக்கீயாக இருந்தால், டப்பாவில் ஒரு துண்டு ரொட்டியை அவற்றோடு ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் ரொட்டி காய்ந்திருக்கும், குக்கீ இளகியிருக்கும்.

அடிக்கடி சுட நேரமில்லாதவர்கள், உருட்டிய மாவை உறைபெட்டியில் தட்டில் பரப்பி, இறுகியதும் பைக்கு மாற்றி, 2 மாதம் வரை வைக்கலாம். பையின் மேல் தேதியை எழுதிவிடுங்கள். விருந்தாளி வந்தால் வேண்டிய எண்ணிக்கையை மட்டும் எடுத்து, உருகவிடாமல் அப்படியே சுடலாம். 2 நிமிடம் கூடுதலாக ஆகும்.